ஒரே பந்தியில் ஒரு படை

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் என்ற பெயரைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது இராணுவச் சீருடையும் வட்டக் கண்ணாடியும் நிமிர்ந்த நடையும்தான். மலேசியத் தமிழர்களின் பழைய வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே அவருடைய படமும் மாட்டப்பட்டிருந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் நாங்கள் அவரை வீரத்தின் வடிவமாகவே அறிந்தோம். பேச்சுப் போட்டிகளில் அவர் பெயரைச் சொன்னாலே கைத்தட்டல் கிடைக்கும். தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகோ, வரலாற்றுப் பாடத்தில் ஜப்பானியர் ஆட்சிக்காலம் வந்தபோதும் அவர் பெயர் எங்கள் காதில் அதிகம் விழவில்லை.

போர் செய்தவர் என்ற அளவில் மட்டும் அவரை நினைத்தால் அவருடைய பெருமையில் பாதியை நாம் இழந்துவிடுவோம். அவர் நடத்திய போர் தோல்வியில் முடிந்தது. ஆனால், இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் எனப் பிரிந்து நின்ற சிப்பாய்களையும், தோட்டத்துத் தொழிலாளர்களையும், நகரத்து வணிகர்களையும் ஒரே பந்தியில் உட்கார வைத்ததில் அவர் பெற்ற வெற்றி சாதாரணமானதன்று. அந்த வெற்றி நம் மலாயா மண்ணிலும் சிங்கப்பூரிலும் நிகழ்ந்தது என்பதால், அவருடைய வாழ்க்கையை அந்தக் கோணத்தில் திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டாக் நகரத்துச் சிறுவன்

சுபாஷ் 1897ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் ஒரிசாவின் கட்டாக் நகரில் பிறந்தார். தந்தை ஜானகிநாத் போஸ் பெயர்பெற்ற வழக்கறிஞர். தாயார் பிரபாவதி தேவி. பதினான்கு பிள்ளைகளில் சுபாஷ் ஒன்பதாமவர். அவர்கள் வாழ்ந்த பகுதி பெரும்பாலும் முஸ்லிம்கள் குடியிருந்த பகுதி. அண்டை வீட்டுக்காரர்களின் முகர்ரம் விழாவில் போஸ் வீட்டுப் பிள்ளைகளும் கலந்துகொண்டனர். மாற்று மதத்தவரோடு பழகுவது ஒரு கொள்கை என்று தெரியாத வயதிலேயே அது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

பாப்டிஸ்ட் கிறிஸ்தவ மிஷன் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் தொடக்கக் கல்வி, பிறகு ரேவன்ஷா பள்ளி எனப் படிப்பு தொடர்ந்தது. ஏறத்தாழ பதினைந்து வயதில் விவேகானந்தரின் நூல்கள் அவர் கையில் கிடைத்தன. அன்று முதல் ஆன்மிக நாட்டம் அவரை விட்டு நீங்கவில்லை. 1914ஆம் ஆண்டு கோடையில், வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஒரு நண்பரோடு குருவைத் தேடி வட இந்தியத் திருத்தலங்களுக்குப் புறப்பட்டுவிட்டார்.

அந்தப் பயணத்தில் குரு கிடைக்கவில்லை. வேறொரு பாடம் கிடைத்தது. ஹரித்துவாரில் ஓர் உணவுக்கடையில், மீன் உண்ணும் வங்காளிகள் தீட்டானவர்கள் என்று சொல்லி உள்ளே அமர்ந்து சாப்பிட விடவில்லை. புத்தகயாவில் தங்கிய மடத்தில் பந்தியும் கிணறும் சாதி பார்த்தே திறந்தன. முக்தி தேடிப் போன பதினேழு வயது இளைஞனை இறைவனின் வாசலிலேயே சோற்றுத் தட்டு தடுத்து நிறுத்தியது. பிற்காலத்தில் தம் படையில் சமையலறையையும் சாப்பாட்டு மேசையையும் பற்றி அவர் அத்தனை அக்கறை கொண்டதற்கு வித்து இங்கேயே விழுந்திருக்க வேண்டும்.

விரதமும் நவாப்பும்

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர் ஓட்டன் தாக்கப்பட்ட வழக்கில் 1916ஆம் ஆண்டு சுபாஷ் வெளியேற்றப்பட்டார். பின்னர் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் சேர்ந்து தத்துவத்தில் பட்டம் பெற்றார். இங்கிலாந்து சென்று, 1920ஆம் ஆண்டு ஐ.சி.எஸ். தேர்வில் நான்காம் இடத்தில் தேறினார். எத்தனையோ பேர் கனவு கண்ட அந்தப் பதவியை மறு ஆண்டே துறந்து தாயகம் திரும்பினார்.

வங்கத்தில் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். வங்காளத்தில் முஸ்லிம்கள் எண்ணிக்கையில் அதிகம். ஆனால் கல்வியிலும் அரசுப் பணியிலும் பின்தங்கியிருந்தனர். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யாமல் ஒற்றுமை பேசுவது வீண் என்று கருதிய தாஸ், 1923ஆம் ஆண்டு முஸ்லிம் தலைவர்களோடு வங்க ஒப்பந்தத்தை உருவாக்கினார். மறு ஆண்டு கல்கத்தா மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரியான சுபாஷ், புதிய நியமனங்களில் முஸ்லிம்களுக்கு உரிய இடம் கொடுத்து அதைச் செயலில் காட்டினார். தம் சொந்த மதத்தவரிடமிருந்தே எதிர்ப்பு கிளம்பியபோதும் அவர் பின்வாங்கவில்லை.

அதே 1924ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கைதானார். பர்மாவின் மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே 1926ஆம் ஆண்டு பிப்ரவரியில், இந்துக் கைதிகள் துர்கா பூசை கொண்டாடுவதற்கான செலவை அரசாங்கம் ஏற்க மறுத்ததை எதிர்த்து, மற்றக் கைதிகளோடு உண்ணாவிரதம் இருந்தார். கிறிஸ்தவக் கைதிகளுக்குக் கிடைத்த சலுகை இந்துக்களுக்கு ஏன் இல்லை என்பதே கேள்வி. தம் சமயத்தின் உரிமைக்காகப் பட்டினி கிடக்கவும் அவர் தயங்கவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

காலம் ஓடியது. 1930இல் கல்கத்தா மேயர். 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுத் தலைவர். 1939இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, காந்தியடிகளோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் விலகல். 1940ஆம் ஆண்டு ஜூலையில் அவர் கையிலெடுத்த போராட்டம் வியப்பானது. வங்கத்தின் கடைசிச் சுதந்திர நவாப்பான சிராஜ் உத்-தௌலாவை இழிவுபடுத்துவதாகக் கருதப்பட்ட ஹால்வெல் நினைவுச்சின்னத்தைக் கல்கத்தாவிலிருந்து அகற்ற வேண்டும் என்பதே அது. ஒரு முஸ்லிம் நவாப்பின் மானத்துக்காக இந்து, முஸ்லிம் மாணவர்கள் தோளோடு தோள் நின்றனர். போராட்டம் தொடங்குவதற்கு முதல் நாளே சுபாஷ் கைது செய்யப்பட்டார். அவர் உள்ளே இருந்தபோதே சின்னம் அகற்றப்பட்டது. துர்கா பூசைக்காக உண்ணாவிரதம் இருந்தவரும் நவாப்புக்காகச் சிறை சென்றவரும் ஒருவரே. தம் சமயத்தில் உறுதியாக இருந்தவர் பிறர் சமயத்தாரின் மானத்தையும் தம் மானமாகக் கருதினார்.

ஜியாவுதீன் என்ற பயணி

சிறையில் உண்ணாவிரதம் இருந்து உடல் நலிந்த அவரை, 1940 டிசம்பரில் அரசாங்கம் விடுவித்து வீட்டுக்காவலில் வைத்தது. 1941 ஜனவரி 16ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், காவலர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அவர் தப்பினார். அண்ணன் மகன் சிசிர் காரோட்டினார். காருக்குள் இருந்தவர் முகம்மது ஜியாவுதீன் என்ற காப்புறுதி முகவர். நீண்ட சட்டையும், தொளதொளப்பான காற்சட்டையும், தொப்பியும் அணிந்த அந்த முஸ்லிம் பயணி இரயிலேறிப் பெஷாவர் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவரை வரவேற்று அடைக்கலம் கொடுத்தவர்களில் மியான் அக்பர் ஷா போன்ற பட்டாணிய முஸ்லிம்கள் இருந்தனர். எல்லை மலைகளைக் கடக்க உடன் சென்றவர் பகத்ராம் தல்வார் என்ற இந்து. அவரும் முஸ்லிம் பெயரில்தான் பயணம் செய்தார். உள்ளூர் மொழி தெரியாததால் சுபாஷ் செவிட்டூமையாக நடித்தார். காபூலில் வானொலிக் கடை வைத்திருந்த உத்தம்சந்த் தம் வீட்டில் ஒளித்து வைத்தார். இவர்களில் ஒருவர் காட்டிக் கொடுத்திருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் உயிர் அந்த நாள்களில் பல மதத்துச் சாதாரண மக்களின் கையில்தான் இருந்தது. அவர்கள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார்கள்.

நீர்மூழ்கிக் கப்பலில் ஒரு நட்பு

மாஸ்கோ வழியாக 1941 ஏப்ரலில் பெர்லின் சேர்ந்த சுபாஷ், அங்கிருந்த இந்தியப் போர்க் கைதிகளைக் கொண்டு ஒரு படைப்பிரிவை அமைத்தார். ஆங்கிலேயரின் இந்தியப் படை, மதமும் சாதியும் பார்த்துப் பிரிக்கப்பட்ட படை. பட்டாளங்களும் சமையலும் அந்தக் கணக்கில்தான் நடந்தன. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் ஒன்றுசேர்ந்து போரிட்டதைக் கண்ட ஆங்கிலேயர், பின்னர் இந்தப் பிரிவினையை இன்னும் கெட்டிப்படுத்தினர். சுபாஷ் தம் படைப்பிரிவில் அதைத் தலைகீழாக மாற்றினார். எல்லா மதத்தவரும் ஒரே பிரிவில் கலந்து பயிற்சி பெற்றனர்.

அப்போது ஒரு சிறு சிக்கல் எழுந்தது. ஒவ்வொருவரும் தத்தம் மத வழக்கப்படி வணக்கம் சொன்னார்கள். எல்லாருக்கும் பொதுவான ஒரு வணக்கச் சொல் தேவைப்பட்டது. ஜெய்ஹிந்த் என்ற சொல்லைக் கொடுத்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த அபித் ஹசன் என்ற முஸ்லிம் இளைஞர். ஜெர்மனியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், படிப்பை விட்டுவிட்டு சுபாஷின் செயலாளராகச் சேர்ந்தார். பின்னாளில் காவி நிறத்தைக் குறிக்கும் சஃப்ரானி என்ற சொல்லைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டதும் இவரே.

1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து ஒரு நீர்மூழ்கிக் கப்பல் புறப்பட்டது. அதில் ஏறிய இந்தியர்கள் இருவரே. ஒருவர் சுபாஷ், மற்றவர் அபித் ஹசன். எண்ணெய் நாற்றமடிக்கும் குறுகிய அறையில், வெயிலே படாமல், வாரக்கணக்கில் அவர்கள் ஒன்றாக இருந்தனர். சுபாஷ் சொல்லச் சொல்ல அபித் எழுதினார். ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கர் அருகே, கொந்தளிக்கும் கடலில் ஒரு ரப்பர்ப் படகில் இறங்கி, காத்திருந்த ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலுக்கு மாறினர். மே மாதம் சுமத்ராவின் வடமுனையிலுள்ள சாபாங் தீவில் கரையேறினர். உலகப் போரின் நடுவே, கடலுக்கடியில் ஏறத்தாழ மூன்று மாதம் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் ஒருவரை ஒருவர் நம்பி மேற்கொண்ட இப்பயணம் காப்பியத்தில் இடம்பெறத் தக்கது என்றால் அது மிகையாகாது.

கோலாலம்பூர் திடலில்

1943 ஜூலை 2ஆம் நாள் சுபாஷ் சிங்கப்பூர் வந்தார். அங்கே இராஷ் பிகாரி போஸ் இந்தியச் சுதந்திர லீக்கை நடத்தி வந்தார். சீக்கியரான மோகன் சிங் 1942இல் அமைத்த இந்திய தேசிய இராணுவம் ஜப்பானியரோடு ஏற்பட்ட பிணக்கால் அந்த ஆண்டு இறுதியிலேயே கலைந்துபோயிருந்தது. ஜூலை 4ஆம் நாள் கேத்தே கட்டடத்தில் லீக்கின் தலைமையை ஏற்ற சுபாஷ், மறுநாள் பாடாங் திடலில் படையின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். பின்னர் மலாயா எங்கும் சுற்றுப்பயணம் செய்தார்.

கோலாலம்பூரில் இன்று டத்தாரான் மெர்டேக்கா என்று அழைக்கப்படும் அன்றைய சிலாங்கூர் திடலில் அவர் பேசியபோது மக்கள் கடலெனத் திரண்டனர். அவர் இந்துஸ்தானியிலும் ஆங்கிலத்திலும் பேசுவார். தமிழில் மொழிபெயர்ப்பு நடக்கும். பதினெட்டு வயது ஜானகி, தம் காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தது அந்தத் திடலில்தான். பின்னர் ஜான்சிராணி படையில் சேர்ந்து, அதன் துணைத் தளபதியாக உயர்ந்த இவரே நாம் அறிந்த புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன்.

இந்தப் படை தமிழருக்கு ஏன் முக்கியமானது? ஆங்கிலேயர் தமிழரைப் போர்க்குணம் இல்லாதவர் என்று ஒதுக்கி வைத்திருந்தனர். தோட்டத்துப் பால்மரக் காட்டில் தலைகுனிந்து நின்ற தொழிலாளியின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, பஞ்சாபியச் சிப்பாய்க்குச் சமமாக நிறுத்தினார் சுபாஷ். அதே வேளையில் இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். அவர் கைகோர்த்த அதே ஜப்பானியர்தாம் தோட்டத் தமிழர்களைச் சயாம் மரண இரயில்பாதைக்கு அனுப்பினர். அங்கே பல்லாயிரம் தமிழர்கள் நோயிலும் பசியிலும் மாண்டனர். சீனர்கள் கொடுமைப்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். இந்தியர்களுக்கிடையே அத்தனை சுவர்களை இடித்தவர், பக்கத்து வீட்டுச் சீனரின் துயரத்துக்கோ மரண இரயிலுக்கோ பரிகாரம் தேட முடியாமல் போனது அவர் வாழ்க்கையின் பெருங்குறை. அவர் புகழைப் பாடும்போது இதை மறைப்பது அந்த மாண்டவர்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

1943 அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கம் சிங்கப்பூரில் அமைந்தது. அதன் பட்டியலைப் படித்தாலே சுபாஷின் எண்ணம் விளங்கும். மகளிர் துறைக்கு டாக்டர் லட்சுமி, பிரசாரத்துக்கு எஸ்.ஏ.அய்யர், படையின் சார்பில் கியானி, ஷா நவாஸ், அஜிஸ் அகமது, குல்சாரா சிங், லோகநாதன் முதலியோர், ஆலோசகர்களாகத் தமிழ் முஸ்லிமான கரீம் கனி, பேராக் தந்த கிறிஸ்தவ வழக்கறிஞர் ஜான் திவி, சீக்கியரான ஈஷர் சிங் என அது நீண்டது. இந்த ஜான் திவிதான் 1946ஆம் ஆண்டு மலாயா இந்தியர் காங்கிரஸின் முதல் தலைவரானார் என்பது குறிப்பிடத்தக்கது.

படையின் குறிக்கோளாக ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்கள் உருதுவில் பொறிக்கப்பட்டன. ஒரு படைப்பிரிவுக்கு மௌலானா ஆசாத்தின் பெயரும், பெண்கள் படைக்கு ஜான்சிராணியின் பெயரும் சூட்டப்பட்டன. தனித்தனிச் சமையல் ஒழிந்தது. ஒரே அடுப்பில் சமைத்த சோற்றை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்டனர். ஜான்சிராணி படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களே அதிகம். அவர்களோடு, ஈப்போவைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண்ணான இராசம்மா, பின்னாளில் ஆசிரியர் சங்கப் போராளியாகப் புகழ்பெற்ற இராசம்மா பூபாலன், ஒரே பாசறையில் தங்கிப் பயிற்சி பெற்றார்.

செட்டியார் கோயில் வாசல்

அம்பாங்கிலிருந்து நகரத்துக்கு வருகிற நமக்கு லெபோ அம்பாங் பழகிய தெரு. மஸ்ஜிட் ஜாமெக் எல்.ஆர்.டி. நிலையத்துக்கு அருகில் உள்ள அந்தத் தெருவில்தான் செட்டியார்களின் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்தன. 1857ஆம் ஆண்டு ஈயம் தேடிக் கிள்ளான் ஆற்றின் வழியே வந்த சீனத் தொழிலாளர்கள் காட்டுக்குள் நடந்து சென்ற இடம் அம்பாங். அந்த ஈய ஊரின் பெயரையே தாங்கிய தெருவில், பின்னர் மலாயாவின் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். சென்ற இடமெல்லாம் முருகனுக்குக் கோயில் எழுப்பியவர்களும் அவர்களே. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் உள்ள தெண்டாயுதபாணி கோயிலும் அவர்கள் எழுப்பியதுதான்.

1943 அக்டோபரில் விஜயதசமி விழாவுக்கு வருமாறு சுபாஷை அழைக்க அந்தக் கோயிலிலிருந்து ஆள் வந்தனர். சுதந்திர நிதிக்குப் பெரும் தொகை கொடுக்கக் கூடியவர்கள் அவர்கள். ஆனால் சுபாஷ் மறுத்துவிட்டார். இந்துக்களிலேயே எல்லாச் சாதியாரும் நுழைய முடியாத இடத்துக்கு, மற்ற மதத்து நண்பர்களை வெளியே நிறுத்திவிட்டுத் தாம் மட்டும் வர இயலாது என்பது அவர் நிலை. படைக்குப் பணம் எத்தனை தேவை என்பது அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. இருந்தும் அவர் இறங்கி வரவில்லை.

வந்தவர்கள் திரும்பிப் போய் யோசித்தார்கள். இறுதியில், எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் கலந்துகொள்ளும் பொதுவிழாவாக அதை நடத்த இசைந்தார்கள். அந்த நாளில் சுபாஷ் கோயிலுக்குள் நுழைந்தபோது, அவருக்கு இருபுறமும் அபித் ஹசனும் முகம்மது ஸமான் கியானியும் நடந்தார்கள். தயங்கி நின்ற அபித்தையும் உள்ளே அழைத்துச் சென்றனர். உள்ளே படைச் சீருடைகள். தென்னிந்திய முஸ்லிம்களின் கறுப்புத் தொப்பிகள். அர்ச்சகர்கள் வேறுபாடு பாராமல் எல்லார் நெற்றியிலும் திலகமிட்டனர். வெளியே வந்ததும் சுபாஷ் தம் நெற்றித் திலகத்தைத் துடைத்தார். உடன் வந்தவர்களும் துடைத்தார்கள். உள்ளே இருந்தபோது கோயிலின் வழக்கத்துக்கு மரியாதை. வெளியே வந்தபின் படையில் எல்லாரும் சமம். இந்த இரண்டையும் ஒருசேரக் காட்டிய செயல் அது.

தமிழ்நாட்டில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்கப்பட்டது 1939ஆம் ஆண்டில்தான். அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து, கடல்கடந்த மண்ணில் ஒரு தமிழர் கோயிலின் கருவறை வரை முஸ்லிம் நண்பர்கள் சென்றுவந்தார்கள் என்றால், அந்த வாசலைத் திறந்த நகரத்தாரின் பெருந்தன்மையையும் நாம் பாராட்ட வேண்டும். அழைத்தவர்கள் பிடிவாதம் பிடித்திருந்தால் அந்த விழாவே நடந்திருக்காது.

இத்தனைக்கும் சுபாஷ் நாத்திகரல்லர். சிங்கப்பூரில் வேலைகள் முடிந்த இரவு வேளைகளில் ஆரவாரமின்றி இராமகிருஷ்ண மிஷனுக்குச் சென்று தியானத்தில் அமர்வது அவர் வழக்கம். சிறிய பகவத்கீதை ஒன்று எப்போதும் அவரோடு இருந்தது. ஆனால் மேடையில் அவர் அதை வெளிக்காட்டியதில்லை. அதே 1943 செப்டம்பரில் இரங்கூனில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷாவின் கல்லறையில் படையோடு சென்று அஞ்சலி செலுத்தினார். அங்குக் குஜராத்தி முஸ்லிம் வணிகரான அப்துல் ஹபீப் மர்பானி, ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள தம் சொத்தைப் படைக்குக் கொடுத்து வெறுங்கையோடு நின்றார்.

களத்திலும் கடைசிப் பயணத்திலும்

1944இல் படை இம்பால் நோக்கி நகர்ந்தது. ஏப்ரல் 14ஆம் நாள் மொய்ராங்கில் இந்தியக் கொடியை ஏற்றியவர் சௌகத் மாலிக் என்ற முஸ்லிம் அதிகாரி. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பருவமழை, மலேரியா, உணவுப் பற்றாக்குறை எனத் துன்பங்கள் சூழ, ஜூலையில் பின்வாங்கல் தொடங்கியது. பசித்த வயிற்றோடு சேற்றில் நடந்தவர்கள் ஒருவர் மதத்தை ஒருவர் கேட்கவில்லை; இருந்த கைப்பிடி அரிசியைப் பகிர்ந்துகொண்டனர்.

1945 ஏப்ரலில் இரங்கூனை விட்டு வெளியேற வேண்டிய நிலை வந்தபோது, ஜான்சிராணி படைப் பெண்களைப் பாதுகாப்பாக அனுப்ப ஏற்பாடு செய்யாமல் தாம் புறப்பட மாட்டேன் என்று சுபாஷ் உறுதியாக நின்றார். பின்னர் அவர்களோடு பல மைல் கால்நடையாகவே நடந்தார். இரங்கூனில் எஞ்சிய இந்தியக் குடிமக்களைக் கொள்ளையரிடமிருந்து காக்கும் பொறுப்பு, ஏறத்தாழ 6,000 வீரர்களோடு தமிழரான மேஜர் ஜெனரல் லோகநாதனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆங்கிலேயர் வந்து சேரும்வரை அவர்கள் அந்நகரின் அமைதியைக் காத்தனர். தோற்றுப்போன ஒரு படை பொதுமக்களுக்குச் செய்த கடைசித் தொண்டு அது.

ஆகஸ்ட் 15ஆம் நாள் ஜப்பான் சரணடைந்தது. 18ஆம் நாள் தைவானின் தைஹோக்கு விமான நிலையத்தில் சுபாஷ் ஏறிய விமானம் விபத்துக்குள்ளானது. அன்றிரவு மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அவரது மரணத்தைப் பலர் நம்ப மறுத்தனர். விசாரணைக் குழுக்கள் மூன்று அமைக்கப்பட்டன. விமானத்தில் உடனிருந்த ஒரே இந்தியர் கர்னல் ஹபிபுர் ரஹ்மான் என்ற முஸ்லிம். எரியும் உடையைத் தம் கைகளால் அணைக்க முயன்று காயமுற்றவர் அவர். சுபாஷின் அஸ்தி தோக்கியோவின் ரென்கோஜி பௌத்தக் கோயிலில் வைக்கப்பட்டது. இந்துவாகப் பிறந்தவர், முஸ்லிம் நண்பரின் பக்கத்தில் இறந்து, பௌத்தரின் கோயிலில் அடைக்கலம் பெற்றார்.

நட்புக்கு வந்த சோதனை

1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர். மூவரையும் ஒரே கூண்டில் நிறுத்தியதன் மூலம் சுபாஷ் சொல்ல விரும்பியதை ஆங்கிலேயரே நாட்டுக்கு விளம்பரப்படுத்திவிட்டனர். 1946 பிப்ரவரியில் கேப்டன் அப்துல் ரஷீத்துக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது, கல்கத்தா வீதிகளில் காங்கிரஸ் கொடியும் முஸ்லிம் லீக் கொடியும் ஒன்றாகப் பறந்தன.

ஆறே மாதங்கள் கழித்து, அதே ஆகஸ்டில், அதே கல்கத்தாவில் இந்துவும் முஸ்லிமும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டனர். 1947இல் நாடு பிளந்தது. செட்டியார் கோயிலுக்குள் சுபாஷோடு நடந்த கியானியும், கடைசி விமானத்தில் உடனிருந்த ஹபிபுர் ரஹ்மானும் பாகிஸ்தான் சென்று, காஷ்மீர்ப் போரில் அந்நாட்டின் பக்கம் நின்றனர். ஷா நவாஸ் இந்தியாவில் தங்கினார். அபித் ஹசன் இந்தியத் தூதராகப் பணியாற்றி 1984இல் மறைந்தார். ஒரே பந்தியில் உண்டவர்களை எல்லைக்கோடு இரு பக்கம் பிரித்தது.

அப்படியானால் அந்த நட்பு பொய்யா? பொய்யில்லை என்றே சொல்வேன். ஒரு தலைவரின் சொல்லுக்கும் ஒரு போரின் அவசரத்துக்கும் கட்டுப்பட்டு வளர்ந்த நட்பு அது. தலைவர் மறைந்து, போர் முடிந்து, பாசறை கலைந்த பின் அதைத் தாங்கிப் பிடிக்கப் பள்ளிக்கூடமோ சந்தையோ அக்கம்பக்கமோ ஆயத்தமாக இருக்கவில்லை. மத நல்லிணக்கம் ஒருமுறை வென்றெடுத்து வைத்துக்கொள்ளும் கேடயமன்று. தினமும் உலை வைத்தால்தான் சோறு என்பது போல, அதையும் தினமும் ஆக்கித்தான் உண்ண வேண்டும்.

நாம் எங்கே அமர்கிறோம்?

நம் பல்கலைக்கழக உணவகத்தை மதிய வேளையில் ஒருமுறை நோக்குங்கள். தமிழர் ஒரு மேசை, சீனர் ஒரு மேசை, மலாய்க்காரர் ஒரு மேசை. நமக்குள்ளேயும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், படிக்காதவர், இந்து, கிறிஸ்தவர், இந்திய முஸ்லிம் எனச் சிறு சிறு மேசைகள். நம்மை யாரும் மதம் பார்த்துப் பிரிக்கவில்லை; பட்டாள விதியும் இல்லை. நாமே அப்படி அமர்ந்துகொள்கிறோம்.

சுபாஷ் தம் மதத்தைக் கைவிடவில்லை. நண்பர்களையும் கைவிடச் சொல்லவில்லை. அழைப்பு வந்தபோது, என் நண்பனுக்கும் இடம் உண்டா என்று மட்டும் கேட்டார். நம் தமிழ் மொழிக் கழகத்தின் பொங்கல் விழாவுக்கும், கலைமகள் பூசைக்கும், தீபாவளி விருந்துக்கும் அழைப்பிதழ் அச்சிடும்போது நாமும் அதையே கேட்டுப் பார்க்கலாம். பக்கத்து அறை சீனத் தோழிக்கும், எதிர் அறை மலாய்த் தோழனுக்கும், தேவாலயத்துக்குப் போகும் தமிழ் மாணவனுக்கும் அங்கே இடம் உண்டா? சமைக்கும் உணவு அவர்களும் உண்ணத் தக்கதா? எண்பது ஆண்டுகளுக்கு முன் தோட்டத்திலிருந்து வந்த எழுத்தறியாப் பெண்கள் பாசறையில் செய்துகாட்டியதை, பட்டம் பெறப்போகும் நம்மால் செய்ய முடியாதா என்ன?